ஜூன் வருவதற்குள் முடிவெடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: நாங்கள் மதுரையில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்தே முக்கால். மகள் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடித்தாள். தினமும் காலையில் வயிற்றுவலி, ராத்திரி ஹோம்வொர்க் முடிப்பதற்குள் அழுகை. டி.சி. வாங்கிவிட்டுப் போன ஜூனிலிருந்து இருவரையும் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். பையன் எல்.கே.ஜி. மட்டும் போனான். காலை 9 முதல் 1 வரை டைம்டேபிள் போட்டேன். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. 18,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பாடப் பெட்டி பரணில் கிடக்கிறது. மகள் கதைப் புத்தகம் விடாமல் படிக்கிறாள், வயிற்றுவலியும் ஆகஸ்டுக்கு அப்புறம் வரவில்லை. ஆனால் கணக்கு நோட்டை எடுத்தால் அழுகை. பையன் அ, ஆவிலிருந்து கடைசி எழுத்து வரை பாட்டாகச் சொல்வான், ஒரு வார்த்தை சேர்த்துப் படிக்க வராது. அதே வயதுள்ள நாத்தனார் மகன் பஸ் போர்டெல்லாம் படிக்கிறான். “பிள்ளைகளை வீட்டில் வைத்து வீணாக்குகிறாய்” என்கிறார் மாமியார். கணவர் சம்மதித்துத்தான் ஆரம்பித்தோம், ஆனால் அவர் காலையில் போனால் ராத்திரிதான் வருவார். போன வாரம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஒரு ஆசிரியர் வந்து விசாரித்தபோது பயத்தில் ஏதோ உளறிவிட்டேன். தினமும் குழந்தைகளிடம் கத்துகிறேன், அப்புறம் உட்கார்ந்து அழுகிறேன். ஜூனில் பள்ளியில் சேர்த்துவிடவா, இன்னொரு வருடம் பார்க்கவா? நாங்கள் செய்வது சட்டப்படி தப்பா?

பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மகளுக்கு ஆகஸ்டுக்கு அப்புறம் வயிற்றுவலி வரவில்லை என்பதை இரண்டு புகார்களுக்கு நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவளைப் பள்ளியிலிருந்து எடுத்ததே அதற்காகத்தானே? பள்ளிக்கூட நாளில் வந்து, லீவு நாளில் காணாமல் போகிற வயிற்றுவலிக்குப் பெரும்பாலும் பயம்தான் காரணமாக இருக்கும். நடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வலி நிஜமாகவே இருக்கும். அது போயிற்று, விடாமல் கதைப் புத்தகமும் படிக்கிறாள். எட்டு வயதுப் பெண்ணுக்குப் பத்து மாதத்தில் இந்த இரண்டும் நடந்திருக்கிறது என்றால், வீணாய்ப் போன வருடம் என்று உங்கள் மாமியார் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன்.

சரி, டைம்டேபிளுக்கு வருவோம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிற அம்மாக்கள் பலரும் முதலில் செய்வது இதுதான்: ஒரு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, ஒன்பது மணிக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்குக் கணக்கு. பள்ளியில் அந்த மணிக்கணக்குக்குக் காரணம் இருக்கிறது. முப்பது, நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். அட்டென்டன்ஸ் எடுக்க, நோட்டு திருத்த, வரிசையில் நிற்க வைக்க, சத்தத்தை அடக்க என்று பாதி நேரம் போய்விடும். உங்கள் வீட்டில் இரண்டே பேர். கணக்கு, படிப்பு, எழுத்து என்று உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மகளுக்கு ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் ஏராளம். மகனுக்கு முக்கால் மணி, அதுவும் பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்து. நாலு மணி நேரம் உட்கார வைத்தால் மூன்றாவது மணியில் அவன் மேசைக்குக் கீழே போவான், நீங்கள் கத்துவீர்கள். அதில் அவன் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை, கணக்கு அப்படி.

பாடப் பெட்டி பரணிலேயே இருக்கட்டும். பணம் போட்டுவிட்டோமே என்று அதை இறக்கிக் குழந்தைகள் மேல் ஏற்ற வேண்டாம். தமிழ்நாடு அரசின் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புப் புத்தகங்களை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கடையில் வாங்கினாலும் அந்தப் பெட்டியின் விலையில் சின்னப் பங்குகூட ஆகாது. எதுவரை வந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள அவை போதும். நாளைக்குப் பள்ளியில் சேர்ப்பதானாலும் இந்த வயதுக்கு இவ்வளவு என்ற அளவு உங்கள் கையில் இருக்கும்.

இப்போது பையன். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உடனே சரிசெய்யக் கூடியதும் இதுதான்.

ஐந்தே முக்கால் வயதில் சேர்த்துப் படிக்க வராதது பிரச்சினையே அல்ல. அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம்கூட எட்டு வயதுக்குள் பிள்ளைகள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்றுதான் குறி வைத்தது. ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போட்ட திட்டம் அது. நாத்தனார் மகன் பஸ் போர்டு படிக்கட்டும், நல்லதுதான். உங்கள் மகனின் அளவுகோல் அவன் இல்லை.

ஆனால் ‘அவனுக்குத் தோன்றும்போது தானாகப் படிப்பான்’ என்று விட்டுவிடவும் நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கல்வியில் இருப்பவர்களிடம் இந்தப் பேச்சு அதிகம். சில குழந்தைகள் தானாகப் படித்துவிடுகிறார்கள், உண்மை. பல குழந்தைகளுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும். உங்கள் மகன் எந்த ரகம் என்று காத்திருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சொல்லிக்கொடுத்துவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

அவன் எழுத்துகளைப் பாட்டாகச் சொல்கிறான் என்கிறீர்கள். ஒன்று செய்து பாருங்கள். சார்ட்டை மறைத்துவிட்டு ஒரு தாளில் ‘ம’ என்று மட்டும் எழுதிக் காட்டுங்கள். யோசிக்கிறானா? க, ங, ச, ஞ என்று முதலிலிருந்து மனசுக்குள் பாடிக்கொண்டே வந்து ‘ம’வில் நிற்கிறானா? அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்தது பாட்டு. எழுத்து இன்னும் தெரியாது. மொத்த 247ஐயும் வரிசையாக ஒப்பிக்க வைத்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

அகரவரிசையைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ட, ப, ம மூன்றோடு ஆரம்பியுங்கள். எழுதவும் சுலபம், நேர்கோடும் ஒரு சுழியும்தான். மூன்றும் கண்ணில் பதிந்ததும் புள்ளி வைத்த ‘ம்’. நாலாவது நாளே ‘படம்’, ‘மடம்’ என்று படித்துவிடுவான். ‘ட்’ சேர்ந்தால் ‘பட்டம்’, ‘மட்டம்’. பட்டத்தைப் படித்த அன்றைக்கு ஒரு பட்டம் செய்து விடுங்கள், அந்த வார்த்தை எங்கும் போகாது. அப்புறம் க, ல், த, ர என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கல், பல், மரம், ரதம் பக்கம் நகரலாம். புது எழுத்து வாரத்துக்கு இரண்டு போதும். வந்த எழுத்துகளை வைத்து வரக்கூடிய வார்த்தைகளைத் துண்டுத் தாளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, தினமும் ஐந்து எடுக்கச் சொல்லுங்கள்.

துணைக்கால் வந்தால் பெரிய கதவு திறக்கும்: பல் பால் ஆகும், கல் கால் ஆகும். அது குழந்தைகளுக்குப் பிடிக்கும், சிரிப்பார்கள். அப்புறம் மேல்விலங்கு, அதாவது கி, மி. ‘கு, சு, து, பு, மு’ வரிசையில் நிச்சயம் தடுக்குவான், ஏனென்றால் அங்கே எல்லா எழுத்துக்கும் பொதுவான ஒரே குறி கிடையாது, சில விதமாக வால் விடும். அவற்றைத் தனித்தனி எழுத்தாகவே பழக்குங்கள். ‘கொ’ வரும்போது கண் முதலில் ‘கெ’யைப் பார்த்துவிடும்; அதற்குப் பின்னால் கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் பழக்க வேண்டும். இன்னொன்று, ‘ப’வைப் பல் என்பதில் ஒரு மாதிரியும் அம்பு என்பதில் வேறு மாதிரியும் சொல்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அவன் ‘அம்பு’வைப் பல்லின் ‘ப’ போல அழுத்திச் சொன்னால் திருத்திக் குட்டாதீர்கள். “இங்கே இப்படிச் சொல்லுவோம்” என்றால் போதும், அவனுக்குத் தெரிந்த வார்த்தைதானே, பிடித்துக்கொள்வான்.

இப்படி நாளுக்குப் பதினைந்து நிமிடம் செய்தால் தீபாவளிக்குள் சின்னச் சின்ன வாக்கியம் படித்துக்கொண்டிருப்பான் என்பது என் எதிர்பார்ப்பு. ஏழு வயது தாண்டியும், விடாமல் சொல்லிக்கொடுத்தும், நேற்று படித்த ‘படம்’ இன்றைக்குப் புதிதாகத் தெரிகிறதென்றால் அப்போது ஒரு சிறப்புக் கல்வியாளரைப் பாருங்கள். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம், உண்டா இல்லையா என்று பொதுவாக ஏழு, எட்டு வயதுக்கு முன்னால் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். கண், காது பரிசோதனைக்கு மட்டும் வயது பார்க்க வேண்டாம், இப்போதே செய்துவிடுங்கள்.

அடுத்து மகளின் கணக்கு. அவளை உட்கார வைத்து அதட்டாமல் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். நூற்று ஐந்து என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் 42இல் 17 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். 1005 என்று எழுதினாலோ, 42இல் 17 போனால் 35 என்று சொன்னாலோ, அவள் எங்கே நிற்கிறாள் என்பது தெரிந்துவிடும். நூறு என்று காதில் விழுந்ததும் 100 எழுதி, அதற்குப் பின்னால் ஐந்தைப் போடுகிறாள். கழித்தலில் ஏழுக்கும் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று பார்த்து ஐந்து, நாலில் ஒன்று போய் மூன்று. சோம்பேறித்தனமும் இல்லை, மந்தபுத்தியும் இல்லை. பத்து என்பது ஒரு கட்டு என்ற விஷயம் மனசில் உட்காரவே இல்லை, அதற்குள் ‘பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு’ என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எதற்கு வாங்குகிறோம், வாங்கியது எப்படிப் பத்தாகிறது என்று தெரியாமல் இரண்டு வருடம் அதைப் போட்டிருக்கிறாள். அழுகை வராமல் என்ன செய்யும்?

தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடுங்கள். நாலு கட்டும் இரண்டு உதிரியும் 42. அதில் 17 கொடு என்று கேளுங்கள். ஒரு கட்டைக் கொடுத்துவிடுவாள். ஏழு உதிரி கேட்டால் கையில் இரண்டுதான் இருக்கும், உங்களைப் பார்ப்பாள். நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றுவாள். மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து குச்சி. அந்த ரப்பர் பேண்டைக் கழற்றுவதுதான் கடன் வாங்குவது என்று அவளுக்கே தெரியும்வரை நோட்டும் பென்சிலும் வேண்டாம். இதற்கு இரண்டு வாரம் ஆனாலும் சரி, ஆகட்டும். பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் கொடுத்துத் தெருமுனைக் கடைக்கு அனுப்புவதும் இதே பாடம்தான். மூன்றாம் வகுப்புக் கணக்கு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. இது சரியானால் அவள் பின்தங்கியதாக நீங்கள் நினைப்பதை ஒரு பருவத்துக்குள் பிடித்துவிடுவாள்.

குழந்தை அழ ஆரம்பித்தால் அன்றைய கணக்கு அதோடு முடிந்தது. “நாளைக்குப் பார்க்கலாம்” என்று நோட்டை மூடி வையுங்கள். அழும் குழந்தைக்குக் கணக்கு ஏறாது. அந்த நேரத்தில் ஏறுவதெல்லாம் உங்கள் கோபம்தான்.

இனி உங்களைப் பற்றி. கடிதம் முழுக்க மகள், மகன், மாமியார், நாத்தனார், கணக்கெடுக்க வந்தவர். கணவர் ஒரே ஒரு வரியில் வந்து போகிறார்: சம்மதித்தார். சம்மதித்ததோடு முடிந்துவிட்டதா? இந்த ஏற்பாட்டில் டீச்சர், ஆயா, சமையல்காரி, தலைமையாசிரியர் எல்லாம் நீங்கள் ஒருவரே. பள்ளியில்கூட இத்தனை வேலைக்கு இத்தனை ஆள் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை வீட்டுக்கல்வியைப் பாதியில் விடுகிற குடும்பங்களில் பாடம் கஷ்டம் என்று விட்டவர்கள் குறைவு, அம்மா களைத்துப்போய் விட்டவர்கள்தான் அதிகம்.

எனவே கணவரிடம் உதவி கேட்காதீர்கள், பங்கைப் பிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் பிள்ளைகள் அவருடையவர்கள். மதுரையில் இருந்துகொண்டு எங்கே கூட்டிப்போவது என்று அவர் கேட்க முடியாது. புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கீழடி அருங்காட்சியகம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் பானை ஓட்டில் ஒருவர் ‘ஆதன்’ என்று பேர் கீறி வைத்ததை மகள் பார்க்கட்டும். அங்கே கிடைத்த பகடைக்காயைப் பையன் பார்த்தால் வீட்டுக்கு வந்து தாயம் விளையாடலாமா என்பான். சமணர் மலை, அரிட்டாபட்டி என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன, வெயில் தாழட்டும். முக்கியமான விஷயம், அந்தக் காலை நேரத்தில் நீங்கள் சமைக்கவும் கூடாது, அடுத்த வாரப் பாடம் தயார் பண்ணவும் கூடாது. ராத்திரி கதை படித்துக் காட்டுவதும் அவர் வேலையாகட்டும்; பத்து மணிக்கு வந்தாலும் ஞாயிறும் லீவு நாளும் இருக்கிறதே.

மாமியாரோடு வாதாட வேண்டாம். வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் வீட்டில் தோற்பீர்கள். அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். பல்லாங்குழி ஆடத் தெரியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் தெரிந்திருக்கும். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் எத்தனை என்று பேத்தியைக் கேட்கச் சொல்லுங்கள். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று எடுப்பதற்கு முன்னாலேயே மனசில் எண்ணிப் பார்க்காமல் அந்த ஆட்டத்தில் ஜெயிக்க முடியாது. பாட்டியிடம் தோற்றுத் தோற்று அவள் கணக்குப் போட ஆரம்பிப்பாள். பேத்திக்குத் தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு விஷயம் கையில் இருந்தால் பாட்டிமார்களின் பேச்சு கொஞ்சம் மாறும். முழுக்க மாறும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மற்றப் பிள்ளைகளோடு பழக வேண்டாமா என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். சாயங்காலம் தெருவில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளோடு தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடினால் இந்த வயதுக்கு அது நிறைய. தெருவில் பிள்ளைகளே இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது வாரம் மூன்று நாள் சிலம்பம், நீச்சல் என்று எதிலாவது சேர்த்துவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பலர் மறந்துவிடுவார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை, கண் பரிசோதனை, உடல் பரிசோதனை எல்லாம் தேடி வரும். உங்கள் வீட்டுக்கு வராது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பையனுக்கு ஐந்து, ஆறு வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்கத் தவணை போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். மகளுக்குப் பத்து வயதில் டி.டி. ஊசி இருக்கிறது. குறித்து வையுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதன் பத்தாவது பிரிவு பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஆக, உங்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது. அதே சமயம் ‘எங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது’ என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசவும் அதில் இடமில்லை. இது தெரிந்தே செய்ய வேண்டிய வேலை. இன்னும் மூன்று மாதத்தில் உங்கள் மகனுக்கும் ஆறு வயதாகிறது என்பதையும் கவனியுங்கள்.

கணக்கெடுக்க வந்தவர் எதிரி அல்ல. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிடத்திலும் படிப்பு நின்றுபோன பிள்ளைகளைத் தேடித்தான் அவர்கள் வெயிலில் அலைகிறார்கள். அந்த வேலை நடக்கத்தான் வேண்டும். அடுத்த முறை வந்தால் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள். மகளின் டி.சி., எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் எண்), இருவரின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அதே ஃபைலில் மாதத்துக்கு நாலைந்து தாள், தேதி போட்டு: அவள் எழுதிய ஒரு பத்தி, ஒரு கணக்கு, அவன் எழுதிய வார்த்தைகள், அந்த மாதம் படித்த புத்தகங்களின் பெயர். “வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம், இதோ பாருங்கள்” என்று நீட்டினால் உளற வேண்டியிருக்காது. அந்த ஃபைல் உங்களுக்கும் உதவும். ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும் நாளில் ஜூன் மாதத் தாளையும் பிப்ரவரி மாதத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பின்னால் சான்றிதழுக்கு என்ன செய்வது என்ற பயமும் உங்களுக்குள் இருக்கும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகள் இருக்கின்றன. 14 வயது முடிந்தால் அங்கேயே பத்தாம் வகுப்பு எழுதலாம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் நாலரை வருடம் இருக்கிறது, இப்போதிலிருந்து தூக்கம் கெட வேண்டாம்.

கடைசியாக ஜூன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே முடிவு எடுத்தாக வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? பையன் பிள்ளைகளோடு இருக்க ஆசைப்படுகிற ரகமென்றால் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு அவளை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு முரணும் இல்லை. மகளைப் பொறுத்தவரை ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் அவளைத் திரும்ப அனுப்பாதீர்கள்: அந்தப் பள்ளியில் என்ன நடந்தது? டீச்சர் அடித்தாரா, யாராவது கேலி செய்தார்களா, கழிப்பறை போகப் பயமா, கணக்கு மட்டும்தானா? இப்போது வலி போய்விட்டது, நிதானமாகப் பேசுவாள். குளிப்பாட்டும்போதோ தலை பின்னும்போதோ கேளுங்கள், எதிரில் உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். காரணம் தெரிந்தால் எப்படிப்பட்ட பள்ளி வேண்டும், எது கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், மே முழுக்கப் பாடத்தை மூடிவிடுங்கள். ஜூனில் இந்தப் புது அளவில், ஒன்றரை மணி நேரக் கணக்கில், கணவரின் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து மறுபடி தொடங்குங்கள். காலாண்டுத் தேர்வு லீவு வரும் செப்டம்பர் கடைசியில் உட்கார்ந்து முடிவெடுங்கள். களைத்துப்போன ஏப்ரலில் எடுக்கும் முடிவு பிள்ளைகளைப் பற்றியதாக இருக்காது, உங்கள் களைப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும். நடு வருடத்தில் யார் சேர்ப்பார்கள் என்றால், தாமதமாக வந்தார்கள் என்று சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது அதே சட்டம். வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் இதற்குச் சிரமம் இருக்காது. குறிப்பிட்ட ஒரு தனியார் பள்ளிதான் வேண்டுமென்றால் அங்கே இடங்கள் இப்போதே நிரம்பிக்கொண்டிருக்கும், அப்படியானால் மட்டும் இந்த மாதமே போய்க் கேளுங்கள்.

ஒருவேளை மே மாதம் முழுக்க ஓய்வெடுத்த பிறகும், நாள் முழுதும் பிள்ளைகளோடு இருக்க உங்களுக்குப் பிடிக்கவே இல்லை என்று தோன்றினால் செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டாம். சேர்த்துவிடுங்கள். சொல்லிக்கொடுக்கப் பிடிக்காததால் யாரும் மோசமான அம்மா ஆகிவிடுவதில்லை. பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒரு நாள் நேரில் போய் ஒன்றாம், மூன்றாம் வகுப்பு டீச்சர்களோடு பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். போகும்போது அந்த ஃபைலையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.